எல்லைக்கோட்டருகே ஆடும் பெண்கள்: உடையின் அளவா, ஊதியத்தின் அளவா?

ஸ்டீல்ஸ் வீதிக்குத் தெற்கே ரொறன்ரோ மாநகரம். வடக்கே மார்க்கம் நகரம். அவ்வீதியின் இரு கரைகளிலும் பரந்து கிடக்கும் மில்லிக்கனில் சீனக் குடும்பங்களுக்கு அயலவர்களாகத் தமிழ்க் குடும்பங்களும் கணிசமாக வாழ்ந்து வருகின்றன. வசந்த காலம் பிறந்துவிட்டால் இவ்வீடுகள் பலவற்றில் சனிக்கிழமைக் காலைவேளையில் சென்னை சூப்பர் கிங்ஸ் அணியின் துடுப்பாட்டம் தொலைக்காட்சியில் ஓடிக்கொண்டிருக்கும். பனிக்காலத்து மாலைவேளைகளில் அதே திரையில் ரொறன்ரோ ராப்ரர்ஸ் அணியின் கூடைப்பந்தாட்டம் ஓடும். மில்லிக்கன் புகையிரத நிலையத்தில் ஏறும் இளைஞர்கள் யூனியன் நிலையத்தில் இறங்கி, சில நிமிட நடையில் ராப்ரர்ஸ் அரங்கினுள் நுழைந்துவிடுகிறார்கள். தந்தையின் விளையாட்டு வேறு, பிள்ளையின் விளையாட்டு வேறு. ஆயினும் ஒரு காட்சி இரண்டுக்கும் பொதுவானது. ஆட்டம் சற்றே இடைநிற்கும்போது கமெரா எல்லைக்கோட்டருகே நடனமாடும் இளையவர்களை நோக்கித் திரும்புகின்றது.

அவ்வேளையில் தந்தை தொண்டையைச் செருமுவார். தாய் சமையலறையிலிருந்து ஏதோ கேட்பார். சில விநாடிகளில் ஆட்டம் மீண்டும் தொடங்க, வீடு மூச்சு விடும். ஆனால் உயர்பாடசாலையில் படிக்கும் மகள், தானும் அத்தகைய குழுவொன்றில் சேர விரும்புவதாக ஒருநாள் சொல்லிவிட்டால் இந்தச் செருமலோடு விடயம் முடிந்துவிடாது. “உந்த உடுப்பைப் போட்டுக்கொண்டோ?” என்பது தாயின் முதற் கேள்வியாக இருக்கும். “பரதநாட்டியம் மட்டும் ஆடலாமோ அம்மா?” என்பது மகளின் மறுகேள்வியாக இருக்கும். அதன்பின் கதவு அடித்துச் சாத்தப்படும் ஓசைதான் கேட்கும்.

இரண்டு கேள்விகளிலும் நியாயம் உண்டு. ஆனால் இரு தரப்பும் கேட்க மறந்த கேள்வி ஒன்று உள்ளது. அந்தப் பெண்ணுக்கு அணி எவ்வளவு ஊதியம் கொடுக்கின்றது? அவளது ஒப்பந்தத்தில் என்ன எழுதப்பட்டிருக்கின்றது? தொழில்முறை விளையாட்டு அணிகளுக்கு ‘சியர்லீடர்’ எனப்படும் நடன மகளிர் வேண்டுமா வேண்டாமா என்ற விவாதம் இந்த இடத்திலிருந்து தொடங்கினால்தான் பயனுள்ளதாக அமையும்.

ஆரவாரத்துக்குத் தலைமை தாங்கிய ஆண்கள்

‘சியர்லீடர்’ என்ற சொல்லின் நேர்ப்பொருள், ஆரவாரத்துக்குத் தலைமை தாங்குபவர் என்பதாகும். 1898 நவம்பர் 2 ஆம் நாள் அமெரிக்காவின் மினசோட்டாப் பல்கலைக்கழகத்தில் ஜொனி கம்பெல் என்ற மாணவர் கூட்டத்தின் முன்னே நின்று கோஷத்தை வழிநடத்தியதே இதன் தொடக்கமாகக் கொள்ளப்படுகின்றது. அக்காலத்தில் இது ஆண்களுக்குரிய கௌரவப் பதவியாக இருந்தது. பிற்காலத்தில் அமெரிக்க அதிபர்களாகிய ஐசனோவர், ரீகன், இளைய புஷ் ஆகிய மூவரும் மாணவப் பருவத்தில் சியர்லீடர்களாக இருந்தவர்களே. இரண்டாம் உலகப் போரின்போது இளைஞர்கள் போர்முனைக்குச் சென்றுவிட, பெண்கள் இப்பணியில் பெரும்பான்மையினராயினர். 1972 இல் டலஸ் கவ்போய்ஸ் என்ற அமெரிக்க உதைபந்தாட்ட அணி, பயிற்சி பெற்ற நடன மகளிரைக் கவர்ச்சியான உடையில் களமிறக்கியது. கூட்டத்தை வழிநடத்திய பணி, கூட்டத்தால் பார்க்கப்படும் பணியாக மாறிய கதை இதுதான்.

இக்கதையின் முற்பகுதி ஈழத்தமிழருக்குப் புதியதன்று. யாழ்ப்பாணம் மத்திய கல்லூரிக்கும் பரியோவான் கல்லூரிக்கும் இடையே 1904 முதல் வரலாறு கொண்டுள்ள ‘வடக்கின் பெருஞ்சமர்’ துடுப்பாட்டத்தைப் பார்த்தவர்கள், கல்லூரிக் கொடியைத் தோளில் சுமந்து, பப்பரே வாத்தியம் முழங்க, எல்லைக்கோட்டைச் சுற்றிச் சுற்றி ஆடிய மாணவர்களையும் பழைய மாணவர்களையும் மறந்திருக்க மாட்டார்கள். அங்கே எவரும் எவரையும் கூலிக்கு ஆடவைக்கவில்லை. இலங்கை அணி விளையாடிய இடமெல்லாம் கொடியோடு நின்ற பேர்சி அபேசேகர, 2023 ஒக்ரோபரில் தமது 87 ஆவது வயதில் காலமாகும்வரை அந்நாட்டின் முதன்மைச் சியர்லீடர் என்றே அறியப்பட்டார். வீரர்கள் அவரைத் தங்களுள் ஒருவராக மதித்தார்கள். ரொறன்ரோவிலும் அத்தகைய ஒருவர் உண்டு. இந்தியாவிலிருந்து 1984 இல் கனடாவுக்கு வந்த சீக்கியரான நவ் பாட்டியா, 1995 இல் ராப்ரர்ஸ் அணி தோன்றிய நாளிலிருந்து அரங்கின் முன்வரிசையில் நின்று எழுப்பிய ஆரவாரத்துக்காக 2021 இல் அமெரிக்காவின் கூடைப்பந்தாட்டப் புகழ் மண்டபத்தில் கௌரவிக்கப்பட்டார். சென்னை அணிக்காக 2008 இல் பறை, உடுக்கு முதல் தகரக் குவளைவரை எதையும் தாளமாக்கவல்ல டிரம்ஸ் சிவமணி முழக்கமிட்டார். ‘விசில் போடு’ என்ற அழைப்புக்கு அரங்கமே விசிலடித்தது.

இவற்றிலிருந்து இரண்டு உண்மைகள் புலனாகின்றன. முதலாவது, பார்வையாளரின் உற்சாகத்துக்குப் பெண்ணின் உடல் காட்சிப்பொருளாக வேண்டிய கட்டாயம் ஏதுமில்லை. இரண்டாவது, ஆண் ஆரவாரத்துக்குத் தலைமை தாங்கினால் அவனுக்குப் புகழ் மண்டபம் கிடைக்கின்றது. பெண் அதைச் செய்தால் அவளது பாவாடையின் நீளம் அளக்கப்படுகின்றது.

2008 இல் எழுந்த கூச்சல்

2008 ஏப்ரல் 18 அன்று பெங்களூரில் இந்தியன் பிரீமியர் லீக் போட்டிகள் தொடங்கியபோது, அக்காலத்தில் ரெட்ஸ்கின்ஸ் என்ற பெயரைக் கொண்டிருந்த வொஷிங்ரன் உதைபந்தாட்ட அணியின் நடன மகளிர் அங்கே வரவழைக்கப்பட்டனர். இந்தியப் பண்பாட்டுக்கு ஆபத்து வந்துவிட்டதாக அரசியல்வாதிகள் பலர் குரலெழுப்பினர். மகாராட்டிரத்தில் எதிர்ப்பு மிகுந்தது. புலம்பெயர் வீடுகளிலும் அன்றைய பேச்சு இதுவாகவே இருந்தது. அக்கூச்சலின் பெரும்பகுதி உடையைப் பற்றியதே.

அதே பருவத்தில், மே மாதத்தில், பிரித்தானியாவிலிருந்து வந்திருந்த கறுப்பினப் பெண்கள் இருவர், தங்கள் தோலின் நிறத்தின் காரணமாக மொகாலி மைதானத்தில் ஆடவிடாது தடுக்கப்பட்டதாக முறையிட்டனர். ஏற்பாட்டாளர்கள் அதனை மறுத்தனர். அச்செய்தி சில நாட்களிலேயே அடங்கிப்போயிற்று. 2011 இல் மும்பாய் அணிக்காக ஆடிய தென்னாபிரிக்கப் பெண்ணொருவர், பார்வையாளர்கள் தங்களை இறைச்சித் துண்டுகளைப்போல நோக்குவதையும், ஆட்டத்துக்குப் பிந்திய விருந்துகளில் வீரர்கள் சிலர் நடந்துகொள்ளும் விதத்தையும் இணையத்தில் பெயரின்றி எழுதினார். எழுதியவர் இன்னாரென்று தெரியவந்ததும் அவர் நாட்டுக்குத் திருப்பி அனுப்பப்பட்டார். பண்பாட்டைக் காக்கப் புறப்பட்டவர்கள் இப்பெண்களுக்காகத் தெருவில் இறங்கியதாகத் தெரியவில்லை.

உடையை மாற்றினால் சிக்கல் தீர்ந்துவிடும் என்று எண்ணியோரும் உண்டு. 2011 முதல் 2013 வரை விளையாடிய பூனே வாரியர்ஸ் அணி இந்திய மரபு நடன உடையில் பெண்களை நிறுத்தியது. உடல் மறைந்தது, ஆயினும் ஆட்டத்தின் ஓரத்தில் அலங்காரமாக நிற்கும் நிலை அப்படியே இருந்தது. ஆடுபவளின் உரிமையைப் பற்றிய கேள்விக்குச் சேலை விடையாகாது.

மாறாக, 2025 ஏப்ரல் 23 அன்று, பஹல்காம் தாக்குதலுக்கு மறுநாள், ஐதராபாத்தில் நடைபெற்ற போட்டி நடன மகளிரும் வாணவேடிக்கையும் இன்றியே நடத்தப்பட்டது. துக்கத்தின் பொருட்டு விலக்கப்பட்டவை அவை. அன்றும் பந்து வீசப்பட்டது, ஓட்டங்கள் குவிக்கப்பட்டன, வெற்றி தோல்வி தீர்மானிக்கப்பட்டது. விளையாட்டுக்கு எது உயிர், எது ஒப்பனை என்பதை அந்த ஒருநாள் ஐயமறக் காட்டியது.

நீதிமன்றப் படியேறிய நடன மகளிர்

மில்லிக்கனிலிருந்து இரண்டு மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமான கார்ப் பயணத்தில், எல்லைக்கு அப்பால் உள்ளது பஃபலோ நகரம். அந்நகரின் பில்ஸ் அணி 2008 முதல் 2013 வரை தனது ஆட்டங்கள் சிலவற்றை ரொறன்ரோவிலேயே விளையாடியதால் அதன் பெயர் இங்குள்ள இளைஞர்களுக்கு நன்கு பழக்கமானது. அவ்வணியின் நடன மகளிர் ‘பஃபலோ ஜில்ஸ்’ எனப்பட்டனர். 2014 ஏப்ரலில் அவர்களுள் முன்னாள் உறுப்பினர் ஐவர் வழக்குத் தொடுத்தனர். ஆட்ட நாட்களுக்கும் பயிற்சிக்கும் ஊதியம் தரப்படவில்லை, சீருடைக்குத் தாங்களே பணம் செலுத்த வேண்டியிருந்தது, துள்ளிக் குதிக்கச் சொல்லி உடற்சதை அசைகின்றதா என்று பரிசோதித்தார்கள் என்பன அவர்களது குற்றச்சாட்டுகள். வழக்குப் பதிவாகிய சில நாட்களிலேயே அக்குழுவின் செயற்பாடுகள் நிறுத்தப்பட்டன. ஊதியம் கேட்டவர்களுக்குக் கிடைத்த முதல் மறுமொழி, வேலையே இல்லாமற் போனமைதான்.

அதற்குச் சில மாதங்களுக்கு முன்னர், 2014 சனவரியில், ஓக்லண்ட் ரெய்டர்ஸ் அணியின் நடனப் பெண்ணொருவர் இத்தகைய வழக்கொன்றைத் தொடங்கியிருந்தார். ஓர் ஆட்டத்துக்கு 125 டொலர், முழுப் பருவத்துக்கும் 1,250 டொலர், அதுவும் பருவம் முடிந்த பின்னரே. ஊதியமற்ற பயிற்சிகளையும் நிகழ்ச்சிகளையும் சேர்த்துக் கணக்கிட்டால் மணித்தியாலத்துக்கு 5 டொலர்கூட இல்லை என்பது வழக்கின் சாரம். அவ்வாண்டிலேயே 12.5 இலட்சம் டொலருக்கு அவ்வழக்கு இணக்கமாகத் தீர்க்கப்பட்டது. அடுத்த ஆண்டில், தொழில்முறை அணிகளின் சியர்லீடர்களை ஊழியர்களாகவே கருதவேண்டுமெனக் கலிஃபோர்னியா சட்டம் இயற்றியது. 2016 சனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது.

பெங்களூருக்கு வந்த வொஷிங்ரன் அணியின் கதை இதிலும் துயரமானது. 2013 இல் கொஸ்ரா றிக்காவுக்கு ஒளிப்படம் எடுக்க அழைத்துச் செல்லப்பட்டபோது தங்கள் கடவுச்சீட்டுகள் வாங்கி வைக்கப்பட்டதாகவும், படப்பிடிப்பைப் பார்வையிட அணியின் ஆண் அனுசரணையாளர்கள் அனுமதிக்கப்பட்டதாகவும் அவ்வணியின் பெண்கள் சிலர் கூறியதை நியூயோர்க் ரைம்ஸ் 2018 இல் வெளியிட்டது. 2021 இல் அக்குழு கலைக்கப்பட்டு ஆண்களும் பெண்களும் கலந்த நடனக் குழு அமைக்கப்பட்டது. 2008 இல் அவர்களது பாவாடையைப் பார்த்துப் பதறிய உலகம், அவர்களது கடவுச்சீட்டு யாருடைய கையில் இருந்தது என்று கேட்க மேலும் பத்து ஆண்டுகள் எடுத்தது.

“அவர்கள் விரும்பித்தானே சேர்கிறார்கள்” என்பது அணி உரிமையாளர்களின் வழமையான பதில். விருப்பம் இருப்பது உண்மையே. சிறுவயது முதல் நடனம் பயின்று, நூற்றுக்கணக்கானோருடன் போட்டியிட்டு இடம்பிடித்த பெண்ணுக்கு அந்த மைதானம் பெருங் கனவு. அக்கனவின் பெயரால் கூலி மறுக்கப்படுவதுதான் அநீதி. வீரனும் விரும்பித்தான் விளையாடுகிறான். அவனிடம் எவரும் விருப்பத்தைக் காட்டி ஊதியத்தைக் குறைப்பதில்லை. பேசினால் மாற்றம் வரும் என்பதற்கும் சான்று உண்டு. டலஸ் அணியின் நடன மகளிருக்கு 2025 இல் சுமார் 400 வீத ஊதிய உயர்வு கிடைத்ததாக அவர்களைப் பற்றிய தொலைக்காட்சித் தொடரில் தெரிவிக்கப்பட்டது. ஒரே நாளில் அவ்வளவு உயர்த்த முடிந்ததென்றால், அதுவரை கொடுக்கப்பட்டது எவ்வளவு அற்பமானது என்பதை எவரும் ஊகிக்கலாம்.

நாட்டியத்தின் வரலாறு சொல்லும் பாடம்

“பரதநாட்டியம் மட்டும் ஆடலாமோ?” என்ற மகளின் கேள்விக்குத் திரும்புதல் இங்கே பொருத்தமாகும். அது அடங்காப் பிள்ளையின் எதிர்ப்பேச்சாகத் தோன்றலாம். ஆனால் அதற்குள் ஒரு நூற்றாண்டு வரலாறு இருக்கின்றது.

இன்று மார்க்கம், ஸ்காபரோ மண்டபங்களில் பெருஞ்செலவில் அரங்கேற்றம் காணும் அக்கலை, ஒருகாலத்தில் மதிப்புள்ள குடும்பங்களின் பெண்கள் தொடக்கூடாததாகக் கருதப்பட்டது. 19 ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் யாழ்ப்பாணக் கோயில்களில் நடந்த தேவதாசியர் ஆட்டத்தைக் கடுமையாகக் கண்டித்தார். கோயில் திருவிழாக்களில் நடந்த சின்னமேளத்தைப் பற்றி முதியோர் இன்றும் குரலைத் தாழ்த்தியே பேசுவர். தமிழகத்தில் முத்துலட்சுமி ரெட்டி நடத்திய நீண்ட போராட்டத்தின் பின் 1947 இல் பெண்களைக் கோயிலுக்குப் பொட்டுக்கட்டும் வழக்கம் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. மறுபுறத்தில் ருக்மிணி தேவி 1935 இல் மேடையேறி, 1936 இல் கலாக்ஷேத்திராவை நிறுவினார். கலை காப்பாற்றப்பட்டது, மதிப்பும் பெற்றது. ஆனால் தலைமுறை தலைமுறையாக அதைக் கட்டிக்காத்த குடும்பங்களின் பெண்கள் பலர் மேடையையும் பிழைப்பையும் ஒருங்கே இழந்தனர்.

இவ்வரலாறு இரண்டு பாடங்களைத் தருகின்றது. ஆட்டத்தில் இழிவு இருந்ததில்லை. ஆடுபவள் பணமும் அதிகாரமும் படைத்தோரின் தயவில் வாழவேண்டியிருந்த நிலையில்தான் இழிவு இருந்தது. அந்நிலையை மாற்றும்போது ஆடியவளையும் சேர்த்தே அகற்றிவிட்டால், அநீதி இரட்டிப்பாகின்றது. 2005 இல் மகாராட்டிர அரசு மதுக்கூட நடனங்களைத் தடைசெய்தபோது பிழைப்பை இழந்தவர்கள் அப்பெண்களே. அத்தடை செல்லாதென இந்திய உச்சநீதிமன்றம் 2013 இல் உறுதிசெய்வதற்குள் எட்டு ஆண்டுகள் கழிந்துவிட்டன. பஃபலோவில் நடந்ததும் இதுவே.

பெற்றோர் கேட்கவேண்டிய கேள்விகள்

தொழில்முறை அணிகளுக்குப் பெண்கள் மட்டுமேயான கவர்ச்சி நடனக் குழு தேவையில்லை என்பதே நியாயமான முடிவாகும். நடனமும் தாளமும் வேண்டுமென்றால் ஆணும் பெண்ணும் சேர்ந்து நிகழ்த்தலாம். ராப்ரர்ஸ் அணியே 2019 இல் பெண்கள் மட்டும் இருந்த தனது ‘டான்ஸ் பாக்’ குழுவுக்குப் பதிலாக இருபாலாரும் அடங்கிய ‘நோர்த் சைட் குறூ’ என்ற குழுவை அமைத்தது. அதனால் அரங்கம் வெறிச்சோடவில்லை. ஆனால் ஏற்கெனவே நடன மகளிரை வைத்திருக்கும் அணி, அவர்களை ஊழியர்களாக ஏற்று, பயிற்சி நேரத்துக்கும் சேர்த்து ஊதியம் வழங்கி, விளம்பரதாரரின் தொல்லையிலிருந்து பாதுகாக்க வேண்டும். கூலி கேட்ட மறுநாளே குழுவைக் கலைத்துவிட்டுப் பெண்ணியம் பேசுதல் ஏமாற்று.

மில்லிக்கன் பெற்றோருக்கு இவ்விடயம் விளங்காததன்று. எண்பதுகளிலும் தொண்ணூறுகளிலும் இந்நாட்டுக்கு வந்து, தொழிற்சாலைகளில் இரட்டை வேலை பார்த்து, மேலதிக நேரத்துக்குரிய கூலி சரியாக வந்ததா என்று சம்பளச் சீட்டை இரவில் விளக்கடியில் வைத்துப் பார்த்தவர்கள் அவர்கள். ஒன்ராறியோவின் குறைந்தபட்ச ஊதியம் 2025 ஒக்ரோபரில் மணித்தியாலத்துக்கு 17.60 டொலராக உயர்ந்ததை அறிந்து வைத்திருப்பவர்கள். அந்த அறிவை மகளுக்குக் கொடுப்பதற்குப் பதிலாக, அயலவரின் வாய்க்கு அஞ்சுதலை மட்டும் கொடுப்பது ஏன்?

மகள் அத்தகைய ஆசையைச் சொல்லும் நாளில் கேட்கவேண்டியவை வேறு. எத்தனை மணித்தியாலப் பயிற்சி, அதற்கு ஊதியம் உண்டா? உடைக்கும் ஒப்பனைக்கும் யார் செலவு செய்வது? உடல் நிறையைக் காரணங்காட்டி நீக்கலாமென ஒப்பந்தத்தில் உள்ளதா? ஆட்டத்துக்கு வெளியே விருந்துகளுக்குச் செல்லவேண்டுமா, மறுத்தால் என்ன நடக்கும்? பாடசாலைகளிலும் தனிக்கழகங்களிலும் பயிலப்படும் போட்டிச் சியர்லீடிங் இதிலிருந்து வேறானது என்பதையும் பெற்றோர் அறிதல் வேண்டும். அதன் உலகச் சம்மேளனத்தை சர்வதேச ஒலிம்பிக் குழு 2021 இல் முழுமையாக அங்கீகரித்தது. ஒருவரை உயரத் தூக்கி எறிந்து ஏந்தும் அவ்விளையாட்டில் தலைக்கும் கழுத்துக்கும் காயம் நேரும் ஆபத்து உண்டு. ஆகவே அங்கே கேட்கவேண்டியது பயிற்றுநரின் தகைமையையும் தரைமெத்தையையும் பற்றியே.

சமூகம் தன்னையும் ஒருமுறை பார்த்துக்கொள்வது நல்லது. பழைய மாணவர் சங்கங்களின் கோடைகால விளையாட்டு விழாக்களில் பையன்கள் மைதானத்தில் ஓட, பன்னீர்ச் செம்பும் சந்தனக் கிண்ணமும் ஏந்திப் பிரதம விருந்தினரை வரவேற்க வாசலில் வெயிலில் நிறுத்தப்படுபவர்கள் யார்? பரிசுத் தட்டைத் தூக்கி வருபவர்கள் யார்? அங்கே உடை குறை சொல்லமுடியாததுதான். எனினும் விளையாட்டின் ஓரத்தில் அலங்காரமாக நிற்பதே பெண்பிள்ளையின் பங்கு என்ற எண்ணம் அந்த வாசலிலும் இருக்கின்றது.

அவ்வெண்ணத்துக்கு ரொறன்ரோவிலேயே மறுப்புக் கிடைத்துவிட்டது. 2024 சனவரியில் தொடங்கிய தொழில்முறை மகளிர் பனிக்கட்டி ஹொக்கி லீக்கின் ஆட்டமொன்றைக் காண, அவ்வாண்டு பெப்ரவரி 16 அன்று ராப்ரர்ஸ் விளையாடும் அதே அரங்கில் 19,285 பேர் திரண்டனர். ரொறன்ரோ மகளிரும் மொன்றியல் மகளிரும் மோதிய அந்த இரவில் அனைவரது கண்களும் பனித்தளத்தின் நடுவிலேயே இருந்தன. 2026 பருவத்திலிருந்து ஆடுவதற்கென மகளிர் கூடைப்பந்தாட்ட அணியொன்றும் 2024 மே மாதத்தில் இந்நகருக்கு வழங்கப்பட்டது.

மில்லிக்கனில் புகையிரதம் ஏறும் பெண்பிள்ளைக்கு அந்த அரங்கத்தில் இன்று பல இடங்கள் உண்டு. அவள் ஆட்டக்காரியாகலாம், பயிற்றுநராகலாம், நடுவராகலாம், விரும்பினால் நடனமும் ஆடலாம். எந்த இடத்தைத் தெரிந்தாலும், மாத முடிவில் அவள் கொண்டுவரும் சம்பளச் சீட்டைத் தாயும் மகளும் ஒரே மேசையில் இருந்து வரிவரியாகப் பார்க்கும் பழக்கம் அவ்வீட்டில் இருக்கவேண்டும். அப்பழக்கம் உள்ள வீட்டுப் பிள்ளையை எந்த அணி உரிமையாளரும் எளிதில் ஏமாற்றிவிட முடியாது.